ஆதரவு வாபஸ்

2014 மக்களவைத் தேர்தல் நேரத்தில் சென்னை மண்ணடியில் வேட்பாளர்களைவிட அதிகம் அடிபட்டது அரண்மனைக்காரன் தெருதான். தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்தின் தலைமையகம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து முதலில் வந்த அறிவிப்பு, அ.தி.மு.க.வுக்கு ஆதரவு. அந்த ஏப்ரலிலேயே அடுத்த அறிவிப்பும் வந்தது: ஆதரவு வாபஸ், ஓட்டு தி.மு.க. அணிக்கு.

தர்கா வழிபாட்டை ஏற்காத, வரதட்சணைக் கல்யாணத்துக்குப் போகாதே என்று சொல்கிற கறாரான அமைப்பு அது. 2004இல் த.மு.மு.க.விலிருந்து (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) பிரிந்து வந்தவர்கள். தேர்தலில் நிற்பதில்லை, பதவி கேட்பதில்லை என்பது கொள்கை. ஆனால் யாருக்குப் போடுவது என்று அப்போது சொன்னார்கள். நிற்கிறவர் தோற்றால் டெபாசிட்தான் போகும். கைகாட்டுகிறவர் தோற்றால் பேர் போகும். இந்த இரண்டாவது நஷ்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அவர்கள் கேட்ட விலை ஒன்றே ஒன்று, இட ஒதுக்கீடு. 2006இல் அதற்காகவே ஜெயலலிதாவை ஆதரித்தார்கள். ஜெயித்தது கருணாநிதி, 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத்தைக் கொடுத்ததும் அவரேதான். (கிறிஸ்தவர்களுக்கும் 3.5 கிடைத்தது. அது நஷ்டம் என்று கண்டு மறுவருடமே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். அரசியலில் இப்படியும் நடக்கும்.) 2014 ஜனவரியில் ஒதுக்கீட்டை உயர்த்தக் கேட்டு ஜமாஅத் பெரிய போராட்டம் நடத்தியது. பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் ஆராயும் என்றது ஜெயலலிதா அரசு. அந்த ஒரு வாக்குறுதிக்குக் கிடைத்ததுதான் முதல் ஆதரவு.

சிக்கல் பிரசார மேடையில் ஆரம்பித்தது. காங்கிரஸையும் தி.மு.க.வையும் வெளுத்துவாங்கிய ஜெயலலிதா, பா.ஜ.க. பக்கம் திரும்பவே இல்லை. லிங்கிச் செட்டித் தெருவில் நான் வழக்கமாக நட்டு போல்ட்டு வாங்கும் கடை பாய், அந்த அமைப்பின் அனுதாபி. "அம்மா ஊர் ஊராப் பேசுறாங்க சார், மோடி பேரு ஒரு தடவையாச்சும் வருதா பாருங்க. நாளைக்கு நாங்க பள்ளிவாசல்ல முகத்த எங்க வெச்சுக்கிறது?" என்றார். கட்சிக்காரருக்கு வராத கவலை அது. கட்சிக்காரர் பதில் சொல்ல ஐந்து வருடம் இருக்கிறது. பாய்க்கு வெள்ளிக்கிழமைவரைதான் தவணை.

ஆதரவு வாபஸான பிறகுதான் ஜெயலலிதா 'மோடியா, இந்த லேடியா' என்று மேடையில் கேட்டார். இரண்டையும் முடிச்சுப் போட நான் தயாரில்லை. மண்ணடி போட்டுவிட்டது.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். 2016இல் குடியரசுக் கட்சிக்குள் வேட்பாளர் தேர்வு நடந்தபோது, கிறிஸ்தவக் கல்வி நிறுவனமான லிபர்ட்டி பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவர் ஜெரி ஃபால்வெல் ஜூனியர் டிரம்பை ஆதரித்தார். மூன்று கல்யாணம் செய்தவரை, சூதாட்ட விடுதி நடத்தியவரை எப்படி ஆதரிக்கலாம் என்று கொதித்தவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டுமல்ல. பைபிளைக் கையில் வைத்திருந்த சொந்த ஆட்களும்தான். அடுத்த வாரம் ஐயோவாவில் ஜெயித்தவர் டெட் குரூஸ்.

தமிழ்நாட்டில் 2014 முடிவு என்ன ஆயிற்று? அ.தி.மு.க. 37 இடங்களை அள்ளியது. வடசென்னையில் வெங்கடேஷ் பாபு ஜெயித்தார். மண்ணடி அடங்கிய மத்திய சென்னையில் தி.மு.க.வின் தயாநிதி மாறனே தோற்றார். ஆக, ஜமாஅத் கைகாட்டினால் துறைமுகத்தில் கன்டெய்னர் இறங்குகிற மாதிரி ஓட்டு மொத்தமாக இறங்கும் என்ற நினைப்பு தப்பு. அதைப் பார்த்துவிட்டு, இவர்கள் முணுமுணுப்பை மதிக்க வேண்டியதில்லை என்று கட்சிகள் முடிவெடுத்தது அதைவிடப் பெரிய தப்பு.

கிறிஸ்தவர்கள் கணிசமாக வாழும், பக்கத்து ராயபுரத்தைப் பாருங்கள். 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசின் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது கிறிஸ்தவப் பள்ளிகள் ஒருநாள் கதவடைத்தன. 2004 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க.வோடு சேர்ந்து நின்ற ஜெயலலிதாவுக்கு ஓர் இடம்கூட இல்லை. முடிவு வந்த அதே மாதத்தில் சட்டத்தை வாபஸ் வாங்கினார். ஆனால் 2006 சட்டமன்றத் தேர்தலில் அதே ராயபுரம் அ.தி.மு.க.வின் ஜெயக்குமாரைத் திரும்ப ஜெயிக்க வைத்தது. தெருவில் இறங்கிப் பேசுகிற உள்ளூர்க்காரர் கணக்கு வேறு, கூட்டணிக் கணக்கு வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள். 2011, 2016இலும் அவர்தான்.

2021இல் பிரித்துப் பார்க்கவில்லை. பா.ஜ.க. கூட்டணியில் நின்ற ஜெயக்குமார், தி.மு.க.வின் ஐட்ரீம் மூர்த்தியிடம் 27,779 ஓட்டில் தோற்றார். தோல்விக்குக் காரணம் அந்தக் கூட்டணிதான் என்று அவரே பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். 2023 செப்டம்பரில் பா.ஜ.க.வோடு கூட்டணி இல்லை என்று அறிவித்தவரும் அவர்தான்.

2025 ஏப்ரல் 11 அன்று சென்னையில் எடப்பாடி பழனிசாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமித் ஷா அதே கூட்டணியை மறுபடி அறிவித்தார். ராயபுரத்துக் கணக்கை யாரும் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.