விசுவாசம் மட்டும் போதும் என்றால் பந்தியில் ஏன் தனி வரிசை?

ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேதாகமத்தையும் அம்பேத்கரையும் சேர்த்துப் படித்துவருகிறோம். சபைக்குள் சாதி பற்றிப் பேச்செடுத்தால் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "இரட்சிப்பு கிருபையினாலே, விசுவாசத்தினாலே. கிரியையினாலே அல்ல. சாதி ஒழிப்பு சமூக வேலை. அதைச் சபைக்குள் கொண்டுவராதீர்கள்." இப்போது இந்தப் பதிலுக்கு ஜான் கால்வினையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். யூடியூபில் சீர்திருத்த இறையியல் கேட்டு வளரும் நம் வயதுக்காரர்களே இதைச் சொல்கிறார்கள்.

தோழர்களே, இந்தப் பதில் பொய். நம் அரசியலை வைத்துச் சொல்லவில்லை. அவர்கள் கொண்டாடும் அந்த இறையியலை வைத்தே சொல்கிறோம்.

முதலில் பவுல். கலாத்தியர் நிருபம் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் விட்டாரா? எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். மனிதர் நீதிமானாக்கப்படுவது கிரியையால் அல்ல, விசுவாசத்தால் என்று அந்த நிருபம் வாதிடத் தொடங்குவது இந்தச் சாப்பாட்டுச் சண்டையை ஒட்டித்தான். பந்தியைப் பிரித்தவரைக் கண்டிக்கச் சொன்ன உபதேசத்தை, இன்று பந்தியைப் பிரிப்பவர்கள் தங்களுக்குப் பாதுகாப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து சீர்திருத்தச் சபைகளின் அறிக்கைகள். 1563இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடைக்கு மூன்று பகுதிகள்: மனிதரின் அவலம், மீட்பு, நன்றி. பத்துக் கட்டளைகளின் விளக்கம் மூன்றாம் பகுதியில் வருகிறது. நற்கிரியை இரட்சிப்புக்குக் கொடுக்கும் விலை அல்ல, இரட்சிக்கப்பட்டவர் காட்டும் நன்றி என்பது இதன் பொருள். வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 11ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது: விசுவாசம் ஒன்றே கருவி, ஆனால் அது ஒருபோதும் தனியாக இருப்பதில்லை, அன்பினால் வேலை செய்யும். அப்படியானால், கிருபை பெற்றேன் என்று சாட்சி சொல்லிவிட்டுச் சேரி வீட்டில் கை நனைக்காதவரின் விசுவாசம் எந்த விசுவாசம்? கால்வினிஸ்டுகளே பதில் சொல்லட்டும்.

இன்னும் ஒன்று. கிருபை சொல்கிறது: நீ எதுவும் செய்யாமல் உனக்குக் கிடைத்தது, ஆகவே பெருமை பேசாதே. சாதி சொல்கிறது: நீ எதுவும் செய்யாமல் உனக்குக் கிடைத்தது, ஆகவே பெருமை பேசு. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருக்கும்? "இரட்சிக்கப்பட்ட, சொந்தச் சாதி மணமகள் தேவை" என்று விளம்பரம் கொடுப்பவர்கள் தங்களை அறியாமல் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இரட்சிப்பு கூடுதல் தகுதி. சாதிதான் அடிப்படைத் தகுதி.

சாதி சமூக வழக்கம், மெதுவாக மாறும் என்ற வாதமும் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் லைப்சிக் லுத்தரன் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல் இதைத்தான் சொன்னார். ஆனால் நம் மண்ணில் வேலை செய்த அமெரிக்கன் மதுரை மிஷன் அதை ஏற்கவில்லை. 1834இல் தொடங்கிய அந்த மிஷன் கால்வின் மரபில் வந்த காங்கிரிகேஷனல் சபையாருடையது. திருமங்கலம், மண்டபசாலை, பசுமலை எல்லாம் அதன் நிலையங்கள். 1847இல் அது ஒரு முடிவெடுத்தது: சாதியை நடைமுறையில் விடாதவருக்குச் சபையில் இடமில்லை. விட்டதற்கு அடையாளம், எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது. மறுத்த உபதேசியார்களும் சபையாரும் விலக்கிவைக்கப்பட்டார்கள். வெள்ளைக்காரர்களைத் தூக்கிப்பிடிக்க இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் ஆதிக்கத் திமிர் இருந்தது. அந்த மிஷனின் சபைகள்தான் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் சேர்ந்தன. ஆகவே 1847 யாரோ ஒருவருடைய கதை அல்ல. இந்த வட்டாரத்துச் சபைகளின் சொந்தக் கணக்கு அது.

பத்து வருடம் கழித்து, 1857இல், தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தச் சபை நேர்மாறாக முடிவெடுத்தது. சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாக ஆராதிக்கலாம் என்றது. அந்தச் சலுகை எங்கே போய் முடிந்தது என்று உலகத்துக்கே தெரியும். 1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு, நிறவெறிக்கு இறையியல் நியாயம் சொல்வதைக் கள்ளப்போதகம் என்று அறிவித்தது. சமூகப் பிரச்சினை என்று சொல்லித் தப்பிக்க விடவில்லை. நிறம் கள்ளப்போதகம் என்றால் சாதி என்ன, கலாச்சாரமா?

சான்றிதழ் விஷயத்திலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நம் பிள்ளைகள்தான். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தது. கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் இன்றுவரை சேர்க்கவில்லை. ஒதுக்கீட்டுக்காகச் சான்றிதழில் 'இந்து' என்று எழுதும் தலித் மாணவரைப் பார்த்து, கிறிஸ்துவை மறுதலித்தவன் என்கிறார்கள் சபைப் பெரியவர்கள். சட்டம் முதுகில் ஏற்றிய பாரத்தோடு நிற்பவர் மறுதலித்தவர், ஞாயிறுதோறும் திருவிருந்து வாங்கிவிட்டுச் சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுபவர் விசுவாசியா? கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்கிறது சட்டம். இருக்கிறது என்கிறது திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையின் நடுவே எழுப்பிய சுவர்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, நம் பறட்டை அண்ணன், பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதை நற்கருணையின் பொருளாகச் சொன்னார். பவுல் அந்தியோகியாவில் கேட்டதும் அதுதான்.

ஆகவே மாணவத் தோழர்களே, கிருபையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே வராதீர்கள். அது நம்முடைய சொத்தும்கூட. உங்கள் சபையில் நான்கு கேள்வி கேளுங்கள். அசனத்துக்கு உலை வைப்பது யார், நம் வீட்டுப் பெண்கள் சமைத்தால் எல்லாரும் சாப்பிடுவார்களா? சபைக் கமிட்டியில் நம் தெருவுக்கு எத்தனை இடம்? சாதி மறுத்துத் திருமணம் செய்யும் பிள்ளைகளுக்கு ஆயர் துணை நிற்பாரா? கல்லறைத் தோட்டத்தில் நமக்குக் குழி எந்தப் பக்கம்?

இதெல்லாம் ஆவிக்குரிய விஷயம் இல்லை என்பார்கள். கலாத்தியர் 2ஐ அவர்கள் கையிலேயே கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்.