கோட்டுப்பூவும் நிலப்பூவும்

திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் நாள்தோறும் வைகறையில் எழுந்து நீராடி, பூங்கூடையுடன் மலர் கொய்யப் புறப்படுவார். அவர் கொய்த மலர்களைப் பெரியபுராணம் நான்கு வகையாகச் சொல்கிறது. மரக்கிளையில் மலர்வது கோட்டுப்பூ. கொடியில் மலர்வது கொடிப்பூ. குளத்தில் மலர்வது நீர்ப்பூ. நிலத்தில் வளரும் சிறு செடியில் மலர்வது நிலப்பூ. இவற்றைத் தனியிடத்தில் அமர்ந்து வகைவகையான மாலைகளாகத் தொடுத்து, காலம் தவறாமல் வர்த்தமானீச்சரத்து இறைவனுக்குச் சாத்துவது அவர் தொண்டு. நான்கில் எது உயர்ந்தது என்னும் ஆராய்ச்சியில் அவர் இறங்கவில்லை. நான்குக்கும் அவர் கூடையில் இடம் இருந்தது.

நீர்ப்பூவுக்குக் குளம் வேண்டும். கொடிப்பூவுக்குப் பந்தல் வேண்டும். அந்த வசதி இல்லாத சிறிய கோயில்களில் கேள்வி மற்ற இரண்டைப் பற்றியதாகவே அமைகிறது. வெளிப் பிராகாரத்தில் முள்ளும் புதரும் நீக்கிச் சீர்செய்த ஓர் இடம் இருக்கிறது. அங்கே நிழல் தரும் மகிழமரம் ஒன்றை நடுவதா, செண்டுமல்லிப் பாத்தி போடுவதா?

அந்தத் தொண்டை ஏற்க முன்வருபவர் பெரும்பாலும் எழுபதை நெருங்கியவராகவே இருக்கிறார். ஆதலால் அவர் மனத்தில் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. தம் கையால் வளர்த்த பூவை இறைவன் திருமேனியில் தம் கண்ணாலேயே காண வேண்டும் என்பது ஓர் ஆசை. தாம் போன பின்னும் சந்நிதி அருகே ஏதேனும் ஒன்று நிலைத்து நிற்க வேண்டும் என்பது மற்றோர் ஆசை. இரண்டும் நியாயமானவையே. எனினும் இரண்டின் வரவு செலவையும் நிதானமாகப் பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது.

முதலில் நிலப்பூவின் கணக்கு. செண்டுமல்லி மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட செடி. கடல் கடந்து வந்ததாயினும், இன்று திருவிழாத் தோரணங்களில் அதைக் காணாத ஊர் அரிது. விதைத்து ஒரு மாதத்தில் நாற்று நடவுக்கு வந்துவிடும். நட்ட ஏறக்குறைய இரண்டு மாதங்களில் பூக்கத் தொடங்கும். ஆடிப்பட்டத்தில் விதைத்தவர் ஐப்பசி அன்னாபிஷேகத்தையும் கார்த்திகைச் சோமவாரங்களையும் தம் பாத்திப் பூவுடன் எதிர்கொள்ளலாம். காத்திருக்க வலுவில்லாத வயதில் இது பெரிய ஆறுதல். இந்தச் செடியின் வேரில் சுரக்கும் பொருள் மண்ணில் உள்ள நூற்புழுக்களைக் குறைப்பதால், அருகில் வளரும் பயிருக்கும் நன்மை உண்டு.

ஆனால் இந்தப் பூ கேட்கும் விலை உடலுழைப்பு. செடிக்கு முழு வெயில் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆதலால் மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி அவசியம். செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் பக்கக் கிளைகள் வெடித்துப் பூ பெருகும். பூக்கத் தொடங்கியபின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையேனும் பறிக்க வேண்டும். பறிக்காமல் விட்ட பூ விதையாக முதிர, புதிய மொட்டு குறைந்துபோகும். ஒரு பட்டத்தோடு செடியின் ஆயுள் முடிகிறது. அடுத்த பட்டத்துக்கான விதை காய்ந்த பூவுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதை எடுத்து விதைக்க ஒரு கை வேண்டும். இத்தனை வேலைக்கும் குனிய வேண்டும். குனிய இயலாத காலம் வந்தால் பாத்தி அந்தப் பட்டத்தோடு தரிசாகிவிடும். மேலும், செண்டுமல்லியைத் தோரணத்தோடு நிறுத்திக்கொள்வதா, சுவாமிக்கும் சாத்துவதா என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். அர்ச்சகரைக் கேட்டறிந்த பின்னரே விதை வாங்குவது முறை.

அடுத்தது கோட்டுப்பூவின் கணக்கு. மகிழமரம் மொட்டையாக நிற்பதில்லை; ஆண்டு முழுவதும் பசுமை குன்றாது. அடர்ந்த குடைபோல் கவிந்து, உச்சிவேளையிலும் அடியில் குளிர்ச்சி தரும். அதன் பூ மிகச் சிறியது, வெண்மையானது, விண்மீன் வடிவம் கொண்டது. வாடி உலர்ந்த பின்னும் மணம் நீங்காது. கீழே விழுந்த மலரைப் பூசைக்கு எடுப்பதில்லை என்பது பொதுவான நெறி. மகிழத்துக்கும் பவழமல்லிக்கும் விலக்குத் தரும் வழக்கமும் உண்டு. இரவிலேயே மரத்தடியில் தூய துணி விரித்துவைத்தால், விடியலில் பூ அதில் உதிர்ந்து கிடக்கும். செண்டுமல்லி பறிப்பவரைத் தன் உயரத்துக்குக் குனியச் செய்கிறது. மகிழம் தன் பூவைத் தானே இறக்கித் தருகிறது.

ஆனால் மகிழம் மெல்ல வளரும் மரம். முதற்பூவைக் காணவே சில ஆண்டுகள் ஆகும். பத்துப் பேர் அமரும் நிழலுக்கு அதைவிட நெடுங்காலம் வேண்டும். 3 அடி ஆழக் குழியில், மதிலிலிருந்து 20 அடியாவது தள்ளி நடுவது பாதுகாப்பு. அரசும் ஆலும் மதிலையும் விமானத்தையும் வேரால் பிளந்துவிடும் என்பதை அனுபவப்பட்ட ஊர்கள் அறியும். கோயிலுக்கென்று தல விருட்சம் இருந்து, அது முதுமையடைந்திருக்குமானால், வேறு மரத்தைத் தேடாமல் அதன் கன்றையே வளர்ப்பது முறை.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது தண்ணீர். முதல் இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டும் வரை கன்றுக்குத் தவறாமல் நீர் வேண்டும். ஆடு மாடு அணுகாத வேலியும் வேண்டும். மேளதாளத்தோடு நட்ட கன்றுகள் பல, பங்குனி வெயிலில் பெயர்ப்பலகையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுக் கருகிப் போகின்றன. நடும் நாளில் நூறு கைகள் இருந்தன; நீர் ஊற்றும் நாளில் ஒரு கை இல்லை.

சுருங்கச் சொன்னால், செண்டுமல்லி அன்றாடம் வரவும் செலவும் நிகழும் நடப்புக் கணக்கு. மகிழம் நெடுங்கால வைப்பு. இடையில் எடுக்க இயலாது. முதிர்வு நாளில் அதைப் பெறப்போகிறவரும் வேறொருவர்.

திருவொற்றியூர்த் தலத்தில் இவ்விரண்டும் ஒரே வரலாற்றில் சேர்ந்து நிற்கின்றன. சங்கிலியார் அங்கே இறைவனுக்கு மாலை தொடுக்கும் தொண்டு செய்து வந்தார். சுந்தரர் அவரைக் கண்டதும் அந்த மலர்த்தொண்டின் இடையில்தான். ஆனால் ‘பிரியேன்’ என்று சுந்தரர் சூளுரைத்த இடம் மகிழமரத்தின் அடி. அந்தச் சொல்லை மீறி அவர் ஊரின் எல்லையைக் கடந்தபோது கண்ணொளி மறைந்தது. அந்த வரலாற்றை நினைவூட்டும் மகிழடி சேவை இன்றும் மாசிப் பெருவிழாவில் அங்கே நடைபெறுகிறது. சங்கிலியார் தொடுத்த மாலை மறுநாளே நிர்மாலியமாகியிருக்கும். அவர் மீண்டும் புதிதாகத் தொடுத்திருப்பார். மரமோ சொன்ன சொல்லுக்குச் சாட்சியாக நின்றது. நாள்தோறும் புதுப்பிக்கும் தொண்டும், நாள் கடந்து நிற்கும் சாட்சியும் அந்தக் கோயிலுக்கு வேண்டியிருந்தன.

ஆகவே, இடம் சிறிதாயினும் ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ள வேண்டியதில்லை. நடுவில் மகிழங்கன்று, அதைச் சுற்றி இரண்டு மூன்று அடி விட்டுச் செண்டுமல்லிப் பாத்திகள். ஆவணி, புரட்டாசியில் கன்றை நட்டால் வடகிழக்குப் பருவமழையில் வேர் ஊன்றிக்கொள்ளும். மழை ஓய்ந்தபின், செடிகளுக்கு நீர் ஊற்ற வருபவர் கன்றுக்கும் ஒரு குடம் ஊற்றாமல் திரும்பமாட்டார். பூப்பறிக்க வரும் கண்ணுக்கு, ஆடு கடித்த துளிரும் கறையான் ஏறிய தண்டும் அன்றைக்கே தெரிந்துவிடும். தனியே நட்டால் மறந்துபோகக்கூடிய கன்று, பூச்செடிகளின் நடுவே இருப்பதால் பிழைத்துக்கொள்ளும். சில மாதமே வாழும் செடி, நெடுங்காலம் வாழப்போகும் மரத்துக்குச் செவிலியாகிறது.

ஆண்டுகள் செல்லச் செல்ல மரத்தின் நிழல் அகலும். நிழல் விழும் பாத்தியில் செண்டுமல்லி நெட்டையாக ஓடி, பூக்காமல் நின்றுவிடும். பாத்திகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கும். அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. அவற்றை வளர்த்தவரின் முதுகு குனிய மறுக்கும் காலமும் அதுவே. அப்போது அவர் அமர்வதற்கு ஒரு நிழல் ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். பிறர் பறித்துவந்து தரும் பூவை அங்கிருந்து தொடுத்துக் கொடுக்கலாம், கைத்தொண்டு நின்றுபோகாது.

இதற்கு ஒரு முன்னேற்பாடு மட்டும் வேண்டும். கன்று நடும் நாளிலேயே, நட்டவர் நோயுற்றாலோ வெளியூர் சென்றாலோ குடத்தை எடுப்பவர் யார் என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பேரப்பிள்ளையாகவோ அடுத்த தெரு இளைஞராகவோ அவர் இருக்கலாம். பெயர்ப்பலகைக்கு ஆகும் செலவில் அவருக்கு ஒரு குடம் வாங்கிக் கொடுத்தால் அதுவே மரத்துக்குச் செய்யும் பெரிய உதவி.

மகிழம் முதன்முதலாகப் பூக்கும் விடியலில், அதை நட்டவர் துணி விரிக்க வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அந்தப் பூவுக்கு உரியவன் கருவறையில் இருப்பான். அதை எடுத்துச் சென்று சாத்த ஒருவர் பழகியிருப்பார்.