மலைக் கோச்சிக்குப் பெட்டரி எஞ்சின்: கணக்குப் பார்ப்போம்

2022இல் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற லொறிகளை வெலிமடை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். கிழங்கும் கரட்டும் லீக்ஸும் கொழும்புக்குப் போக ஒரே வழி லொறிதான் என்று ஆகிவிட்டதன் விளைவு அது. பண்டாரவளையில் ரயில் நிலையம் இருந்தும் நமக்குப் பயனில்லை. சரி, ரயிலுக்கும் டீசல்தானே வேண்டும்? பெட்டரியில் ஓட்ட முடியாதா?

முடியும். அதுவும் நமது மலைப்பாதைக்கே அது பொருத்தம் என்பது எனது கருத்து.

மலையேறும் எம்4, எம்6 எஞ்சின்களில் டீசல் செய்வது மின்சாரம் உற்பத்தி செய்வது மட்டுமே. சில்லைச் சுழற்றுவது மின் மோட்டார். அந்த மின்சாரத்தைப் பெட்டரியும் கொடுக்கலாம்.

பதுளையிலிருந்து பட்டிப்பொல வரை சுமார் 70 கிலோமீற்றர். ஏற்றம் ஏறக்குறைய 1,200 மீற்றர். 300 தொன் ரயிலை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கச் சுமார் 1,000 யூனிட் வேண்டும். வளைவு, உராய்வு எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். 2021இல் வாப்டெக் நிறுவனம் கலிபோர்னியாவில் 2,400 யூனிட் பெட்டரி எஞ்சினொன்றை டீசல் எஞ்சின்களோடு சேர்த்துச் சரக்கு ரயிலில் ஓட்டிப் பார்த்தது. எரிபொருள் சராசரியாக 11 வீதம் மீதமானது.

நமக்கு இன்னொரு இலாபமும் உண்டு. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகும் சக்தியில் ஒரு பங்கைப் பெட்டரியில் திரும்பச் சேமிக்கலாம். வீண்விரயம் நமது மார்க்கம் வெறுப்பது.

விலை? லித்தியம் பெட்டரியின் விலை 2010ஐ விட 2024இல் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. கார் பெட்டரி போலன்றி, ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம். வாங்கும் விலையை மட்டும் பாராமல், ஒரு தடவைக்கு என்ன செலவு என்று பார்ப்பதே வியாபாரியின் கணக்கு. மின்சாரமும் பகலில் மிஞ்சுகிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது.

கொழும்பு வரை முழுப் பாதைக்கும் இப்போதே கேட்பது பேராசை. 2025 நவம்பரில் டித்வா புயல் சிதைத்த இப்பாதைக்குப் பெரும் பணம் செலவாகிறது. அதோடு சேர்த்து இரண்டைக் கேட்போம்: பதுளை - பட்டிப்பொல இடையே டீசல் எஞ்சினுக்குத் துணையாக ஒரு பெட்டரி எஞ்சின் பரீட்சார்த்தம், பண்டாரவளையிலிருந்து மரக்கறிக்கு ஒரு சரக்குப் பெட்டி. வர்த்தக சங்கங்கள் ஒன்றுசேர்ந்து மகஜர் கொடுத்தால் வழி பிறக்கும், இன்ஷா அல்லாஹ்.