காதுக்கு மூவாயிரம் ரூபாய்

சோழபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிறாராம். பாடமெல்லாம் செல்போனில்தான். அடுத்த வீட்டில் விசைத்தறி. காலையில் ‘டடக் டடக்’ என்று ஆரம்பித்தால் இரவு வரை ஓய்வதில்லை. “மூவாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த மாதிரி ஹெட்போன் வாங்கலாம்? அப்பாவுக்கும் அப்படியே ஒன்று வாங்கட்டுமா? இராஜபாளையத்தில் நூல் மில்லில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறார். இப்போதெல்லாம் டி.வி.யை எவ்வளவு உரக்க வைத்தாலும் அவருக்குப் போதவில்லை” என்று கேட்கிறார்.

முதல் கேள்வி கடைக்காரரிடம் கேட்க வேண்டியது. இரண்டாவது, டாக்டரிடம் கேட்க வேண்டியது. ஆகவே அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூவாயிரம் என்பது இந்தச் சாமானுக்கு நடுத்தர விலை. பஸ் ஸ்டாண்டில் முந்நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. பெரிய ஊர்க் கடைகளில் முப்பதாயிரத்துக்கும் கிடைக்கிறது. முப்பதாயிரம் கொடுத்தவருக்குப் பத்து மடங்கு நல்ல சங்கீதம் கேட்கும் என்று நினைத்து ஏங்க வேண்டாம். 2017-ல் ப்ரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, தாழ்ந்த ஸ்தாயி முதல் உச்ச ஸ்தாயி வரை ஒவ்வொன்றும் எவ்வளவு சீராக ஒலிக்கிறது என்று பார்த்தார். அந்தச் சீருக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தது. விலை கூடினால் கட்டுமானம் நன்றாயிருக்கலாம், மெத்தை மிருதுவாயிருக்கலாம், பெட்டி அழகாயிருக்கலாம். காதுக்குக் கேட்பது வேறு சங்கதி.

பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் கணக்குகளையும் பார்த்து மயங்க வேண்டாம். ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று எல்லோரும்தான் போடுகிறார்கள். மனிதக் காதின் எல்லை அது. கருவியின் யோக்கியதாபத்திரம் அல்ல. ‘50 மில்லிமீட்டர் டிரைவர்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பெரிய சட்டியில் வைத்த குழம்பு ருசியாயிருக்கும் என்று சொல்வது போலத்தான் அதுவும். ஒரே ஒரு எண்ணை மட்டும் பாருங்கள்: ஓம் கணக்கு. 16, 32 என்றிருந்தால் செல்போனே அதை நன்றாக இயக்கும். 250 ஓம் என்று போட்டிருந்தால் அது ஸ்டூடியோக்காரர்களுக்கு உரியது. செல்போனில் செருகினால் ஈனசுரத்தில் முனகும்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் எதிரி அந்தத் தறிச் சத்தம். அது உங்கள் அறைக்குள் 70 டெசிபல் அளவுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாத்தியார் பேசுவது தெளிவாகக் காதில் விழ வேண்டுமானால் அதற்குமேல் பத்துப் பதினைந்து டெசிபல் கூட்ட வேண்டும். ஆக 80, 85. உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் கணக்கு என்ன தெரியுமா? 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 85 ஆனால் பன்னிரண்டரை மணி. 90 ஆனால் நாலே மணி. பரீட்சைக்குப் படிக்கிறவர் தினம் ஆறு மணி நேரம் கேட்டாலே வாரத்துக்கு 42 மணி ஆகிறது! அப்பாவின் காதை மில் என்ன செய்ததோ, அதை மகளின் காதுக்கு ஹெட்போன் செய்துவிடும்.

இதற்கு வழி, வெளிச் சத்தத்தை வாசலிலேயே நிறுத்துவது. மேடைப் பாடகர்கள் காதுக்குள் செருகிக்கொள்கிறார்களே, ‘இன்-இயர் மானிட்டர்’ என்று, அந்தத் தினுசு இப்போது மூவாயிரத்துக்குள்ளேயே தாராளமாகக் கிடைக்கிறது. ரப்பர் அல்லது பஞ்சு போன்ற நுரை முனை காதுத் துவாரத்தைச் சரியாக அடைத்துக்கொண்டால், இருபது டெசிபல் வரை வெளிச் சத்தம் குறையும். 70 என்பது 50 ஆகிவிடும். வாத்தியார் 65-ல் பேசினால் போதும். அதில் எத்தனை மணி நேரம் கேட்டாலும் காதுக்கு ஆபத்தில்லை. கூடவே மூன்று அளவு ரப்பர் முனை கொடுப்பார்கள். முதலில் மாட்டியிருப்பதையே வைத்துக்கொண்டு ‘சத்தம் சப்பென்று இருக்கிறது’ என்று திட்டுகிறவர்கள்தான் ஜாஸ்தி. மூன்றையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கு ஓர் அளவு, வலது காதுக்கு ஓர் அளவு என்று வந்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை.

காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்போனும் நல்லதுதான். ஆனால் சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். வியர்வையில் மெத்தையின் மேல்தோல் செதில் செதிலாக உரியும். மெத்தை தனியாக விலைக்குக் கிடைக்கும் மாடல்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். பின்புறம் வலைபோல் திறந்திருக்கும் தினுசு ஒன்று உண்டு. சங்கீத ரசிகர்கள் அதைத்தான் கொண்டாடுவார்கள். உங்களுக்கு அது கூடவே கூடாது. தறியும் சேர்ந்து பாடும்.

‘நாய்ஸ் கேன்சலிங்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அது பொய்யில்லை. கல்கத்தாவிலிருந்து வெள்ளைக்காரன் போலீசுக்குத் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஒரு வங்காளியின் பிள்ளை அமர் போஸ். 1978-ல் ஸ்விட்சர்லாந்திலிருந்து விமானத்தில் திரும்பும்போது, இயந்திர இரைச்சலில் பாட்டே கேட்கவில்லையே என்று அலுத்துக்கொண்டு, அங்கேயே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். வெளிச் சத்தத்தை ஒரு சிறு மைக்கால் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டால் இரைச்சல் அடங்கும் என்பது யுக்தி. விமானிகளுக்கான கருவியாக அது வெளிவர 1989 ஆயிற்று. ஆனால் விமானம், மின்விசிறி, பஸ் எஞ்சின் போன்ற ஒரே சீரான ரீங்காரத்தைத்தான் அது நன்றாக விழுங்கும். வெட்டி வெட்டி அடிக்கும் தறியிடம் அதன் சாமர்த்தியம் அவ்வளவாகப் பலிக்காது. சத்திரப்பட்டிப் பக்கம் குடியிருக்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒயரா, ஒயரில்லாததா? என் அபிப்பிராயம் ஒயர்தான். அதே பணத்துக்கு நல்ல ஒலி கிடைக்கும். ஒயரில்லாத சிறு மொட்டுகளில் பாட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும். பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது. ஒயர் உள்ளதிலும், கழற்றி மாட்டும் ஒயராகப் பார்த்து வாங்குங்கள். எப்போதும் முதலில் அறுவது அதுதான். செல்போனில் வட்டத் துவாரம் இல்லாவிட்டால், சில நூறு ரூபாய்க்கு டைப்-சி இணைப்பு ஒன்று வாங்க வேண்டியிருக்கும். அதையும் மூவாயிரத்துக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கிற பழக்கம் உண்டென்றால் ஒயரில் மைக் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பெனிப் பெயர் சொல்லாமல் நழுவுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். இன்று நான் சொல்லும் மாடல், நீங்கள் கடைக்குப் போவதற்குள் மறைந்துபோகும். அதைவிடப் பரீட்சை செய்யும் முறையைச் சொல்கிறேன். நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு எம்.எல். வசந்தகுமாரி பாடிய திருப்பாவையைவிட வேறென்ன வேண்டும்? முதலில் தம்புராவைத் தேடுங்கள். பாட்டுக்குப் பின்னால் அது தனியாகக் கேட்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி ‘தும்’ என்று விழ வேண்டுமே தவிர, குரலைப் போய் மூடக் கூடாது. ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் ஊசி குத்துவது போலிருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் குத்துப்பாட்டில் எல்லா ஹெட்போனும் கெட்டிக்காரத்தனமாகத்தான் கேட்கும். பெட்டியில் இறக்குமதியாளர் விலாசமும் அதிகபட்ச சில்லறை விலையும் இல்லாவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இப்போது அப்பா விஷயம். அவருக்கு ஹெட்போன் வாங்காதீர்கள். குறைந்த காதில் இன்னும் உரக்க ஊதினால் மிச்சமிருப்பதும் போகும். ஆள் பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை, அதிலும் பெண்கள், குழந்தைகள் பேச்சு பிடிபடவில்லை என்கிறாரா? காதில் ‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் இருக்கிறதா? இருந்தால் அது மில் சத்தம் செய்த வேலையாக இருக்கக்கூடும். வெறும் குறும்பி அடைத்துக்கொண்டிருந்தாலும் இருக்கலாம். அப்படியானால் பத்து நிமிஷத்தில் தீர்ந்துபோகும். எதுவென்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் காது டாக்டர். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அங்கே காட்டி, ‘ஆடியோகிராம்’ எடுக்கச் சொல்லுங்கள். வலிக்காத சோதனை, அடைத்த அறையில் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அமுக்க வேண்டியதுதான். (அந்த அறையில் அவர் தலையிலும் ஒரு ஹெட்போன் மாட்டுவார்கள்!) சத்தத்தால் மழுங்கிய நரம்பை மருந்து கொடுத்துத் திருப்ப முடியாது. காது மெஷின் வைத்துக்கொள்ளலாம், இருப்பதைக் காப்பாற்றலாம். மில்லுக்குள் போகும்போது நுரை அடைப்பானோ காதுமூடியோ போட்டுக்கொள்ளாமல் இனி ஒரு ஷிப்ட்டும் பார்க்கக் கூடாது. கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

தொழிற்சாலைச் சத்தத்தால் வரும் செவிக்குறைவு சட்டப்படி தொழில் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ஆடியோகிராம் காகிதத்தை டாக்டரிடமே விட்டுவிட்டு வராமல், தேதியோடு ஒரு பிரதி வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.