மெஷினை அப்புறம் வாங்கலாம், குழாயை இப்பவே போடுங்க

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலங்காத்தால அத்தானிடமிருந்து ஃபோன். அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நாகர்கோவிலிலிருந்து வாக்கப்பட்டுப் போன அக்கா இருபது வருஷமாக வித்துராவில் இருக்கிறாள். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போனவர்களுக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும். மலை ஏறுவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற ஊர். ரப்பர் தோட்டத்தை ஒட்டி நாலு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறார்கள். இப்போது நீச்சல் குளம் கட்டுகிறார்களாம். குழி வெட்டியாச்சு, அடுத்த வாரம் கான்கிரீட்.

"எடே, நீ அங்க வீட்டுல குளம் வச்சிருக்கல்லா? தன்னால ஓடிச் சுத்தம் பண்ணுற மெஷின் ஒண்ணு வரும்போது கொண்டு வா. பைசா தந்திருவேன்."

டாலஸில் உட்கார்ந்துகொண்டு இதற்குச் சரி என்று சொல்வது ரொம்ப சுலபம். நான் சொல்லவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. ஊரில் குளத்தோடு வீடு கட்டும் ஆசை நம்மில் பலருக்கு இருக்கிறது, அவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் என் சொந்தக் கதை. நாங்கள் வீடு வாங்கியபோது குளமும் சேர்ந்தே வந்தது. சுத்தம் செய்ய ஒரு மெஷின் வாங்கினேன். கடைக்காரர் "எல்லாக் குளத்துக்கும் சரியா வரும்" என்றார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால், அதற்கென்று தனிக் குழாயும் தனி பம்பும் வேண்டுமாம். எங்கள் குளத்தில் இரண்டும் இல்லை. சுற்றியுள்ள தளத்தை உடைத்துக் குழாய் போட்டு மூடியதில், மெஷின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிட்டது. புத்தி கொள்முதல் என்பார்களே, அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தானாகச் சுத்தம் செய்கிற மெஷினில் மூணு ஜாதி உண்டு.

ஒன்று, உறிஞ்சுகிற ரகம். 1974-இல் தென்னாப்பிரிக்காவில் வந்த கிரீப்பி கிராலி இந்த வகை. விலை குறைவு. ஆனால் உறிஞ்சுகிற குப்பை எல்லாம் நேரே பம்பின் கூடைக்குத்தான் போகும். இலை அதிகமென்றால் கூடை அடைத்துக்கொண்டு பம்ப் தண்ணீர் இல்லாமல் திணறும்.

இரண்டாவது, அழுத்தத்தில் ஓடுகிற ரகம். போலாரிஸ் 280, 360 எல்லாம் இதுதான். பம்ப் தள்ளும் தண்ணீர் மெல்லிய குழாய் வழியே மெஷினுக்குள் போய்ச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்ணீர் ஜெட்டாக மேலே பீய்ச்சும்போது தரையிலுள்ள இலையையும் இழுத்துக்கொண்டு போய், மெஷினின் தலைமேல் இருக்கும் பையில் போடும். குப்பை பம்புக்கும் ஃபில்டருக்கும் போவதே இல்லை.

மூன்றாவது, கரண்டில் ஓடும் ரோபோ. குழாய் வேண்டாம், கரண்டும் கம்மி. இங்கே புதுக்குளம் கட்டுகிற பலர் இப்போது இதைத்தான் வாங்குகிறார்கள். அதில் தப்பில்லை.

அப்படியானால் வித்துராவுக்கு எது? என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். காரணம் ரப்பர் மரம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலை கொட்டுகிற கொட்டு, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அது மூழ்கித் தரையில் படிந்தால் சாயம் இறங்கிக் கறை ஆகும். அந்த இலைக்குப் பெரிய பை வேண்டும். இன்னொன்று, ரோபோவின் சர்க்யூட் போனால் அதைத் திறந்து பார்க்க வித்துராவில் யார் இருக்கிறார்கள்? அழுத்த மெஷினில் இருப்பது சக்கரம், பல்சக்கரம், பை, குழாய். பார்த்தால் புரியும், கையால் கழற்றலாம்.

ஆனால் இதில் சூட்சுமம் முழுக்கக் குழாயில்தான் இருக்கிறது. அத்தானுக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான்:

குளத்தின் நீளப் பக்கத்துச் சுவரில் நடுவாக, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, இதற்கென்றே ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று வர வேண்டும். நடுவில் இருந்தால்தான் மெஷினின் மிதக்கும் குழாய் எல்லா மூலைக்கும் எட்டும். மறுமுனை பம்ப் அறைக்குப் போகட்டும். பூஸ்டர் பம்ப் வைப்பதானால், ஃபில்டரைத் தாண்டி வரும் சுத்தமான தண்ணீரிலிருந்து, குளோரின் போடும் கருவிக்கு முன்னால் இணைப்பு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காட்டமான குளோரின் பம்பின் சீலைத் தின்றுவிடும். மெஷினை மாட்டுவதற்கு முன் குழாயில் தண்ணீரைத் திறந்துவிட்டு, உள்ளே கிடக்கும் பிவிசி தூளையும் மணலையும் வெளியேற்றிவிட வேண்டும்.

முக்கியமான ஒன்று. மெயின் பம்ப் ஓடாதபோது பூஸ்டர் ஓடவே கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடத்தில் சீல் கருகிவிடும். இங்கே இரண்டு டைமர் வைத்துச் சமாளிக்கிறோம். மெயின் ஓடி அரைமணி கழித்து பூஸ்டர், நிறுத்தும்போது பூஸ்டர் முதலில். ஆனால் துலாவருஷ இடியில் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில், கரண்டில் ஓடும் டைமரின் கடிகாரம் தப்பிப் போகும். அதனால் மெயின் ஓடினால்தான் பூஸ்டருக்குக் கரண்ட் போகிற மாதிரி ஒயரிங்கிலேயே பூட்டுப் போடச் சொன்னேன். கூடவே நல்ல எர்த்தும், கசிவு வந்தால் வெட்டிவிடும் பிரேக்கரும். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

இப்போது, பெட்டியில் வைத்து ஏன் கொண்டு போகவில்லை என்று. மெஷினில் கரண்டே இல்லை, அது எங்கேயும் ஓடும். பம்ப் அப்படி இல்லை. அமெரிக்க மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, இந்தியாவில் 50. வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், அழுத்தமோ கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். மெஷின் நொண்டும், மோட்டார் சூடாகும். குழாயிலும் இதே தகராறுதான். இங்கத்து ஒன்றரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், ஊரில் பரவலாகக் கிடைப்பது 50. பசை போட்டு அமுக்கினாலும் ஒன்றுக்குள் ஒன்று சேராது. பம்பும் குழாயும் அங்கேயே வாங்குவதுதான் சரி.

இதெல்லாம் இரும்பும் பிளாஸ்டிக்கும். எனக்கு உண்மையில் பயம் வேறொன்றில். 2024-லும் 2025-லும் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோயில் பலர் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்ற அமீபா, மூக்கு வழியாக ஏறுகிறது. அதைத் தடுப்பது குளோரின். தண்ணீரில் இலையும் அழுக்கும் கிடந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். அந்த வகையில் மெஷின் உதவும். ஆனால் மெஷின் எந்தக் கிருமியையும் கொல்லாது. தரை பளிச்சென்று இருக்கிற குளத்திலும் குளோரின் பூஜ்யமாக இருக்கலாம். தினமும் சோதித்து, குளோரின் லிட்டருக்கு குறைந்தது ஒரு மில்லிகிராமும், பிஹெச் 7.2-க்கும் 7.8-க்கும் இடையிலும் இருப்பதைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

அங்கேதான் அத்தானோடு எனக்குச் சண்டை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு அண்ணன் வருகிறார். போணக்காடு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம். "மெஷின் வந்தா அவரை நிறுத்திரலாம், மாசச் செலவு குறையும்லா" என்றார் அத்தான். அத்தானைக் குற்றம் சொல்ல மாட்டேன். சம்பளம் என்பது மாசாமாசம் வலிக்கிற கணக்கு. ஆனால் பையை அவிழ்த்துக் கொட்டுவது யார்? குழாய் முனையில் இருக்கும் வலையைக் கழுவுவது யார்? படிக்கட்டு மூலையில் பாசி பிடித்தால் பிரஷ் போடுவது யார்? விருந்தினர் பிள்ளைகள் குதிப்பதற்கு முன்னால் குளோரின் பார்ப்பது யார்? டாலஸில் இதையெல்லாம் நானேதான் செய்கிறேன். மெஷின் மிச்சம் பிடித்துத் தருவது ஒரு நாளைக்கு ஒருமணி நேரத்து வலைவீச்சு. ஆளை அல்ல.

தூரத்தில் இருக்கிற நமக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஊருக்கு நேரம் அனுப்ப முடியாததால் பொருள் அனுப்புகிறோம். மிக்ஸி, டிவி, இன்வெர்ட்டர், இப்போது இது. அதை யார் ஓட்டுவார், கெட்டால் யார் பார்ப்பார் என்று கேட்பதில்லை. அடுத்த லீவில் போகும்போது அது மூலையில் துணி போர்த்திக் கிடக்கும்.

கடைசியில் என்ன ஆச்சு? கான்கிரீட்டுக்கு முன்னால் தனிக் குழாய் போட்டாயிற்று. இப்போதைக்கு இரண்டு முனையிலும் மூடி. மொத்தச் செலவில் அது ஒரு தூசு. அக்கா போட்டோ அனுப்பியிருந்தாள், சுவரில் வெள்ளையாக ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அந்த அண்ணன் டிசம்பர் இலையை ஒரு தடவை வலையால் வாரிப் பார்க்கட்டும், மெஷின் வேண்டுமா என்று அவரே சொல்லட்டும் என்றேன். அத்தான் "ஆலோசிக்காம்" என்றார். ஆளை நிறுத்தும் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை.

டிஸ்கி: நான் பிளம்பர் இல்லை, காசு தொலைத்துக் கற்றவன். ஒயரிங் வேலைக்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்க. ஊருக்குப் போகும்போது பெட்டியில் இடம் இருந்தால், குளோரினும் பிஹெச்சும் பார்க்கிற சோதனைப் பெட்டி ஒன்றைக் கொண்டு போங்க. அதற்கு ஹெர்ட்ஸ் தொல்லை கிடையாது.