கூலித் தொழிலாளி மகன் வீசிய பந்து

"பந்து வீசினால் சோறு கிடைக்குமா?"

புதுவை குருசுக்குப்பத்தில் மாலை வேளையில் டென்னிஸ் பந்தோடு தெருவில் ஓடும் பையன்களைப் பெற்றோர் இப்படி அதட்டுவது உண்டு. இதற்கு ஒருவருடைய வாழ்க்கையே பதில் சொல்கிறது. அவர்தான் இடக்கைப் பந்து வீச்சாளர் நடராஜன்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991-ல் பிறந்தார். தந்தை கூலித் தொழிலாளி. தாய் சாலை ஓரத்தில் கடை போட்டவர். 20 வயது வரை நடராஜன் வீசியதும் டென்னிஸ் பந்துதான்!

வந்தது சோதனை

ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். 2015-ல் ரஞ்சிப் போட்டியில் ஆடினார். உடனே, "பந்து வீசும் முறை சரியில்லை" என்று புகார் எழுந்தது. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். நடராஜன் குறையைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2017-ல் ஐ.பி.எல். ஏலத்தில் அவர் விலை 3 கோடி ரூபாய்!

2020-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். எதற்கு? பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து வீச! ஆனால் டிசம்பர் 2-ல் ஒரு நாள் ஆட்டம், 4-ல் இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15-ல் டெஸ்ட் என்று மூன்றிலும் இந்தியாவுக்காக இறங்கினார். ஒரே பயணத்தில் இப்படி மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே.

முழங்கால் சொன்ன பாடம்

அதே ஆண்டு ஏப்ரலில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. இந்திய அணியில் இடம் போயிற்று. ஆனாலும் 2024 ஐ.பி.எல். போட்டியில் 19 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டு நவம்பரில் டில்லி அணி அவரை 10 கோடியே 75 லட்சத்துக்கு வாங்கியது. 2025-ல் பெரும்பாலான ஆட்டங்களில் வெளியே உட்கார நேர்ந்தது.

பந்து வீச்சாளருக்கு உடம்புதான் முதல். அது எப்போது மக்கர் செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடி கிடைப்பது ஆயிரத்தில் ஒருவருக்கே.

புதுவைக்கும் 2018 முதல் ரஞ்சி அணி இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. ஆகவே பெற்றோர்களே, பையன் கையிலுள்ள பந்தைப் பிடுங்காதீர்கள். புத்தகத்தையும் கீழே வைக்க விடாதீர்கள். கைதூக்கிவிட ஊரில் ஒரு பெரியவர் இருந்தால், அதுவே பாதி வெற்றி!