கஞ்சி காய்ச்சியதற்கு விளக்கமறியல்

2024 மே மாதம், திருகோணமலை மாவட்டத்தின் சேனையூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்ததற்காக மூன்று பெண்களையும் ஓர் ஆணையும் கைதுசெய்து, மே 27 வரை விளக்கமறியலுக்கு அனுப்பினார்கள். நீதிமன்றத் தடையுத்தரவை மீறினார்கள் என்று சம்பூர் பொலிஸார் காரணம் சொன்னார்கள். அந்தத் தடையுத்தரவைக் கேட்டு வாங்கியவர்களும் அதே பொலிஸார்தான்.

கைது நடந்த விதத்தை எம்மால் சீரணிக்க முடியவில்லை. கஞ்சி காய்ச்சப்பட்டது கோயிலடியில், ஊரார் கண் முன்னே. கொடுத்தவர்கள் எங்கும் ஓடி ஒளியவில்லை. தத்தம் வீடுகளில் இருந்தார்கள். மறுநாள் காலை நிலையத்துக்கு வரச்சொல்லி ஓர் அழைப்பு அனுப்பியிருக்கலாம். அதை விட்டு, இரவில் வீடு புகுந்தார்கள். ஆண்கள் சேர்ந்து ஒரு பெண்ணை இழுத்துச் செல்வதையும் வீட்டார் கதறுவதையும் காணொளியில் எல்லோரும் பார்த்தோம். பிடிபட்டவர்களில் ஒருவர் பல்கலைக்கழக மாணவி. இப்படி ஒரு பிள்ளையை இரவில் கொண்டுபோனால், கட்டைபறிச்சானிலும் சம்பூரிலும் எந்தத் தாய் நிம்மதியாகக் கண்ணயர்வாள்? ஊரை அச்சுறுத்துவதைத் தவிர இந்த இரவு வேட்டைக்கு வேறு நோக்கம் இருந்ததாக நாம் நம்பவில்லை.

சுமத்திய சட்டமோ இன்னும் கொடுமையானது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த வந்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். இன, மத வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்கும் அதன் 3ஆம் பிரிவின் கீழ் கைதானவருக்கு நீதவான் பிணை வழங்க முடியாது. மேல் நீதிமன்றம்தான் வழங்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியில் எந்த இனத்தின் மீதான வெறுப்பைக் கண்டார்கள்? 2009 இறுதிப் போரின்போது முள்ளிவாய்க்காலில் வரிசையில் நின்று அதை வாங்கிக் குடித்துத்தான் சனம் உயிரைப் பிடித்திருந்தது. 2006இல் சம்பூரிலிருந்து துரத்தப்பட்டு கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்குப் பசியைப் பற்றி எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இதே மே மாதத்தில் வெசாக் வருகிறது. தெருவுக்குத் தெரு தன்சல் என்னும் அன்னதானப் பந்தல் போடுவார்கள். பொலிஸாரே முன்னின்று பரிமாறுவார்கள். அது நல்ல காரியம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் செத்தவர்களை நினைத்து ஒரு தமிழ்ப் பெண் அகப்பையைத் தொட்டால் மட்டும் அது எப்படிக் குற்றமாகிறது?

இந்த மாவட்டத்தில் பொலிஸ் எப்போது கடமையைச் செய்கிறது, எப்போது செய்யாமல் விடுகிறது என்பதை நாம் நீண்ட காலமாகப் பார்த்து வருகிறோம். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகள் இழுபட்ட அந்த வழக்கில், விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டே போயிருந்தார்கள். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க அப்போது ஆளில்லை. 2023 செப்டெம்பரில், உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்த திலீபனின் படம் தாங்கிய ஊர்தி திருகோணமலைக்கு அருகே தாக்கப்பட்டது. அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் செல்வராசா கஜேந்திரன் பொலிஸார் நிற்கவே அடிவாங்கினார். அன்று தடுக்கத் துணியாத கைகள்தான் பின்னர் சேனையூர்ப் பெண்கள் மீது நீண்டன. இதோடு மொழிப் பிரச்சினையும் இருக்கிறது. எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வேண்டும் என்று நல்லிணக்க ஆணைக்குழு 2011இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் மூதூர்ப் பக்கத்து மனிதர் முறைப்பாடு கொடுக்கப் போனால், தனக்கு விளங்காத மொழியில் எழுதியதற்கு இன்னும் கையெழுத்து வைக்கிறார்.

நால்வரையும் அப்போதே விடுவித்திருக்க வேண்டும். வழக்கையும் அப்போதே கைவிட்டிருக்க வேண்டும். பொலிஸ் தன் நடத்தையை அடியோடு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கான வழியை ஆட்சியில் இருப்பவர்கள் தேடட்டும். அதற்கு முன்பாக, அந்த இரவு வீடுகளுக்குள் புகுமாறு கட்டளையிட்டவர் யார் என்பதை இந்த ஊர்ச் சனத்துக்கு அவர்கள் சொல்லியாக வேண்டும்.